ரிச்சி தெருக் கடையும் இணைய அங்காடியும்: ஓராண்டு வாங்கிப் பார்த்த அனுபவம்

கடந்த ஓராண்டில் சென்னையில் எங்கள் வீட்டுக்கும் திண்டிவனத்தில் இருக்கும் என் பெற்றோர் வீட்டுக்குமாகப் பல மின்னணுப் பொருட்களை வாங்க வேண்டி வந்தது. பழைய மடிக்கணினிக்கு ஓர் எஸ்.எஸ்.டி.யும் (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகம்) ரேமும் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்), அதே கணினிக்கு ஒரு சார்ஜர், கேமராவுக்கு ஒரு மெமரி கார்டு, ஒரு வைஃபை ரௌட்டர், பெற்றோருக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி, கல்லூரியில் சேர்ந்த மகளுக்குப் புதிய மடிக்கணினி. இவற்றில் சிலவற்றை இணையத்திலும் சிலவற்றைச் சென்னை ரிச்சி தெருவிலும் தொலைக்காட்சியைத் திண்டிவனத்துக் கடை ஒன்றிலும் வாங்கினேன். இணையமா கடையா என்று நண்பர்களிடம் கேட்டால் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். விலை முக்கியம்தான், மாதச் சம்பளக்காரனான எனக்கு ஐந்நூறு ரூபாயும் கணக்கில் வரும். ஆனால் பொருள் பொருந்தாமல் போகும் நாளில், பழுதாகும் நாளில், யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கும் அந்த விலைக்குள் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை எந்தப் பொருளுக்குக் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் இந்த ஓராண்டு எனக்குக் காட்டியது.

முதலில் எஸ்.எஸ்.டி. கதையைச் சொல்கிறேன். வீட்டில் இருப்பது 2017ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி. திறந்து வேலைக்குத் தயாராவதற்குள் ஒரு காப்பி குடித்து முடித்துவிடலாம் என்ற அளவுக்கு மெதுவாகிவிட்டிருந்தது. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் புத்துயிர் பெறும் என்று அலுவலக நண்பர் சொன்னதை நம்பி, இணையத்தில் தேடி, நல்ல மதிப்புரைகள் பெற்றிருந்த 500 ஜிபி கொள்ளும், என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கினேன். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. கணினியின் அடிப்பகுதியைத் திறந்து, எம்.2 என்று அச்சிடப்பட்டிருந்த இடத்தில் பொருத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கணினி அதைக் காணவே இல்லை. இரண்டு இரவுகள் காணொலிகளைப் பார்த்து, பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை எல்லாம் மாற்றிப் பார்த்து, கடைசியில் பொருள்தான் பழுது என்று முடிவு செய்து, மாற்றித் தரும்படி விண்ணப்பித்தேன். பழுது என்பதற்கான ஆதாரத்தைக் கேட்டார்கள். வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தபோது அது நன்றாகவே வேலை செய்தது. பழுதில்லாத பொருளை அவர்கள் விதிப்படி திரும்பப் பெற மாட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய்ப்பில்லை. நான் கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை கணினியையும் எஸ்.எஸ்.டி.யையும் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே பிரியும் இந்தத் தெருவையும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றையும் சேர்த்தே சென்னைவாசிகள் பொதுவாக ரிச்சி தெரு என்கிறார்கள். ரேடியோ, டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்ற இடம் இது. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சில்லறையாகக் கிடைக்கும் கடைக்குப் பக்கத்திலேயே கண்காணிப்புக் கேமராக் கடையும், அதன் மாடியில் மடிக்கணினி பழுது பார்க்கும் இடமும் இருக்கும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வேண்டிய பலகைகளையும் சென்சார்களையும் தேடி இங்கேதான் வருகிறார்கள்.

மாடிப்படி ஏறிப் போன ஒரு சிறு கடையில், முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர் கணினியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். மாடல் எண்ணைத் தன் கணினியில் தட்டிப் பார்த்தார். "சார், இதுல இருக்கிறது சாட்டா ஸ்லாட்டு. நீங்க வாங்கினது என்விஎம்இ. உள்ள உக்காரும், ஆனா வேலை செய்யாது" என்றார். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே என்பதையும், அந்த வடிவத்துக்குள் சாட்டா, என்விஎம்இ என்று தரவு போகும் வழி இரண்டு இருப்பதையும், நான் வாங்கியதன் முனையில் ஒரு வெட்டும் எனக்கு வேண்டியதன் முனையில் இரண்டு வெட்டுகளும் இருப்பதையும் இரண்டு துண்டுகளை அருகருகே வைத்துக் காட்டி விளக்கினார். இணையப் பக்கத்தில் இந்தச் செய்தி எழுதப்பட்டிருக்கவில்லை என்று சொல்ல முடியாது. விவரப் பட்டியலில் எங்கோ இருந்தது. என் கணினியில் இருப்பது எது என்று எனக்குத் தெரியாதபோது அந்தப் பட்டியல் எனக்கு எப்படி உதவும்?

சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைக் கொடுத்து, இதன் வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவில்தான் இருக்கும், நான் வாங்கி வைத்திருப்பது அதைவிடப் பல மடங்கு வேகமானது, ஆனால் இந்தக் கணினியில் அந்த வேகம் கிடைக்க வழியில்லை என்றும் சொன்னார். ரேம் கேட்டேன். 4 ஜிபி பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் காலியாக இருக்கும் ஒரே இடத்தில் 8 ஜிபி போட்டால் போதும், 16 போடுவது இந்தச் செயலிக்கு வீண்செலவு என்றார். அதிக விலையுள்ளதை விற்கும் வாய்ப்பு இருந்தும் குறைந்த விலையுள்ளதைச் சொன்ன அந்த நேர்மை என்னைத் தொட்டது. பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த கோப்புகளைப் புதியதற்கு மாற்றி, கணினியை என் கண்முன்னே ஓடவிட்டுக் காட்டி, வரிசை எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லும் கொடுத்தார். இணைய விலையை விட எஸ்.எஸ்.டி.க்கு முந்நூறு ரூபாய் அதிகம்; வேலைக்கூலி தனி. அந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. முதலிலேயே இங்கே வந்திருந்தால் இரண்டாவது எஸ்.எஸ்.டி. வாங்கும் செலவு முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அதே தெருவில் எனக்கு நேர்ந்த இன்னொரு அனுபவத்தையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை நேர்மையானதாக இருக்காது. இதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே மடிக்கணினியின் சார்ஜர் கெட்டுப்போனது. அவசரத்தில் ரிச்சி தெருவுக்குப் போய், வாசலிலேயே அழைத்த ஒரு கடையில் கேட்டேன். ஒரே பொருளுக்கு மூன்று விலை சொன்னார்கள்: ஒரிஜினலுக்கு ஒன்று, கம்பேட்டிபிளுக்கு (வேறு யாரோ செய்த, பொருந்தக்கூடிய சார்ஜருக்கு) ஒன்று, பில் வேண்டாம் என்றால் அதற்கும் கீழே ஒன்று. வாரண்டி உண்டா என்றதற்கு "செக்கிங் வாரண்டி மட்டும்தான் சார்" என்றார் கடைக்காரர். கடையிலேயே செருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், கடையை விட்டு இறங்கினால் பொறுப்பில்லை என்பது அதன் பொருள். அவசரமும் விலைக் குறைவும் கண்ணை மறைக்க, பில் இல்லாமல் வாங்கினேன். நான்கு மாதங்களில், முதலில் தொட முடியாத அளவுக்குச் சூடாகி, பிறகு ஒரு நாள் கருகிய வாடையோடு நின்றுபோனது. படுக்கையறையில் இரவு முழுவதும் செருகி வைத்திருந்த பொருள் அது. பில் இல்லாததால் அந்தக் கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்க என் கையில் எதுவும் இருக்கவில்லை.

சார்ஜர் போன்ற பொருட்களை வாங்குவோர் இரண்டு விவரங்களைப் பார்க்க வேண்டும் என்பதை நான் இந்த இழப்புக்குப் பிறகே கற்றுக்கொண்டேன். முதலாவது, வோல்ட்டும் ஆம்பியரும். என் கணினிக்கு 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், அதாவது 65 வாட் தேவை. வோல்ட் அளவு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. இரண்டாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் பதிவுக் குறி. அடாப்டர்கள், பவர் பேங்குகள், மடிக்கணினிகள், கைப்பேசிகள் ஆகியவற்றை அந்த அமைவனத்தில் பதிவு செய்யாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. பொருளின் மேல் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இட்டால், யார் தயாரித்தது, எந்தப் பொருளுக்கான பதிவு என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை இது. இணையத்தில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த பிறகே செய்ய முடியும்; ஆனால் இணையத்தில் வாங்குவதாலேயே தரம் உறுதி என்று எண்ணிவிட வேண்டாம். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பி.ஐ.எஸ். அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பெரிய இணைய வணிகக் கிடங்குகளில் சோதனையிட்டு, கட்டாயத் தரச் சான்று இல்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தனர்.

பில் இல்லாமல் விற்பதும் வாங்குவதும் நம்மூரில் புதிதல்ல. வெளிநாட்டு டேப் ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் மக்கள் சென்னையின் பர்மா பஜாருக்குப் போன காலத்தில், பேரம்தான் பேசினார்கள், யாரும் பில் கேட்கவில்லை. வேறு வழி இல்லாத காலம் அது. இன்று வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே வகைதான். ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் சிவப்பு மையில் அச்சிட்டுவிட்டதால் மட்டும் கடைக்காரரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆனால் இந்த உரிமைகளை எல்லாம் நிலைநாட்ட முதலில் பில் வேண்டும். இருநூறு ரூபாய் குறையும் என்று நான் விட்டுக்கொடுத்தது அந்த உரிமை முழுவதையும்தான்.

இணையத்தின் பலம் எனக்கு மெமரி கார்டு விஷயத்தில் புரிந்தது, அதுவும் ஒரு மோசடியின் வழியாக. பெயர் பெற்ற நிறுவனத்தின் 128 ஜிபி அட்டை என்று சொல்லி, சந்தை விலையில் பாதிக்கு ஒரு விற்பனையாளர் இணையத்தில் விற்றதை வாங்கினேன். உறை, எழுத்து, வண்ணம் எல்லாம் அசலைப் போலவே இருந்தன. கணினியில் செருகியபோது 119 ஜிபி என்று காட்டியது. அசல் 128 ஜிபி அட்டையும் விண்டோஸில் அப்படித்தான் காட்டும், ஏனென்றால் தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் கணினி 1024இன் மடங்கிலும் கணக்கிடுகின்றன. ஆனால் போலி அட்டைகளின் தந்திரமே இதில்தான் இருக்கிறது. உண்மையில் 16 ஜிபியோ 32 ஜிபியோதான் கொள்ளும். 128 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிறையும் வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்கு மேல் எடுக்கும் படங்கள் பெயரளவில் பதிவாகும், திறந்தால் ஒன்றும் இருக்காது. திருமணத்துக்கோ சுற்றுலாவுக்கோ போய் வந்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

நல்ல வேளையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியைப் பற்றி முன்பே படித்திருந்தேன். அட்டை முழுவதும் தரவை எழுதி, மீண்டும் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று அது சரிபார்க்கும். பல மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிட்டால் காலையில் முடிவு தெரியும். என் அட்டை தோற்றது. அந்த முடிவுத் திரையைப் படமெடுத்து இணைத்து, பொருள் போலி என்று குறிப்பிட்டுத் திருப்பி அனுப்ப விண்ணப்பித்தேன். மறுநாளே வந்து எடுத்துச் சென்றார்கள். மூன்றாம் நாள் பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பியது. யாரோடும் வாதிட வேண்டியிருக்கவில்லை. பில் இல்லாமல் தெருவில் இதே அட்டையை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த அட்டையை எனக்கு விற்றது யார் என்பதைக் கவனித்தால்தான் இணைய வணிகத்தின் அமைப்பு புரியும். இந்தியாவில் அந்நிய முதலீடு பெற்ற இணைய வணிக நிறுவனங்கள் சரக்கைத் தாமே வைத்துக்கொண்டு நுகர்வோருக்கு நேரடியாக விற்பதை விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவை விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தைகளே. பில் போடுவது அந்தச் சந்தையில் கடை விரித்திருக்கும் விற்பனையாளர். ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். விலை குறைவாகச் சொல்பவரின் பொருள் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும். நாம் படிக்கும் ஆயிரக்கணக்கான மதிப்புரைகள் பொருளைப் பற்றியவை. அதை நமக்கு அனுப்பப் போகும் விற்பனையாளரைப் பற்றியவை அல்ல. வாங்கும் பொத்தானுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரைத் தொட்டு, அவர் எத்தனை நாளாக விற்கிறார், அவரைப் பற்றி வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். தயாரிப்பு நிறுவனமே சொந்தமாக நடத்தும் இணையக் கடை இருந்தால், விலை சற்றுக் கூடுதலானாலும் அங்கே வாங்குகிறேன். அடுத்த மெமரி கார்டை அப்படித்தான் வாங்கினேன்.

ரௌட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடல் எண் தெரியும். ஃபைபர் இணைப்புக்கு வேண்டியது தொலைபேசிக் கம்பிக்கான பழைய மோடம் வகை அல்ல, ஈதர்நெட் துளை உள்ள வகை என்பதும் தெரியும். இணையத்தில் வாங்கினேன், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாடல் எண்ணும் தேவையும் முழுமையாகத் தெரிந்த இப்படிப்பட்ட பொருளுக்காகப் பேருந்து ஏறி அலைய வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

தொலைக்காட்சி அப்படிப்பட்டதல்ல. திண்டிவனத்தில் அப்பாவும் அம்மாவும் பார்க்கும் பெட்டி. அப்பா நாற்காலியில் நேர் எதிரே உட்காருவார். அம்மா பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும் கட்டிலில் படுத்தபடி பார்ப்பார். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வண்ணம் வெளுத்துப் போகாத திரையாக இருக்க வேண்டும், பேச்சொலி தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் எந்த இணையப் பக்கமும் எனக்குக் காட்ட முடியாது. எனவே இருவரையும் அழைத்துக்கொண்டு ஊரிலேயே இருக்கும் ஒரு கடைக்குப் போனேன்.

கடையில் பார்ப்பதிலும் ஏமாற இடமுண்டு. வரிசையாக மாட்டியிருக்கும் பெட்டிகள் எல்லாம் கடைக்கென்றே உள்ள காட்சி முறையில் ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் வண்ணமும் உச்சத்தில் இருக்கும். திரையில் ஓடுவதோ நிறுவனமே எடுத்துத் தந்த மிகத் துல்லியமான காட்சிகள்: பூக்கள், கடலடி மீன்கள், இரவு நகரம். வீட்டில் நாம் பார்க்கப்போவது கேபிளில் வரும் செய்தியும் தொடரும் பழைய படமும். அதனால் கடைக்காரரிடம் கேட்டு, காட்சி முறையை வீட்டு முறைக்கு மாற்றச் சொன்னேன். அவர்களிடம் இருந்த கேபிள் இணைப்பைச் செருகி உள்ளூர் அலைவரிசை ஒன்றை ஓடவிடச் சொன்னேன். நான் கொண்டுபோயிருந்த பென் டிரைவில் இருந்த பழைய பாடல் காட்சியையும் போட்டுப் பார்த்தேன். விலை அதிகமாக இருந்த ஒரு பெட்டி, சாதாரணக் கேபிள் காட்சியில் முகங்களை மெழுகு பூசினாற்போலக் காட்டியது. அதைவிட நான்காயிரம் ரூபாய் குறைவான வேறொன்று கண்ணுக்கு இயல்பாக இருந்தது. அம்மா ஓரமாகப் போய் நின்று பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சி நல்லா தெரியுதுப்பா" என்றார். அதையே எடுத்தோம்.

அந்த மாடலின் இணைய விலை கடை விலையை விட இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவாக இருந்தது. கைப்பேசியில் அதைக் காட்டி, கடைக்காரரிடம் மறைக்காமல் கேட்டேன். அவர் சற்று நேரம் கணக்குப் பார்த்து ஆயிரத்து எண்ணூறு குறைத்தார். அத்தோடு சுவரில் மாட்டும் தாங்கியை இலவசமாகத் தந்து, அன்று மாலையே ஆளை அனுப்பி மாட்டிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து ரிமோட்டில் ஏதோ மாற்றிவிட்டு அப்பா தவித்தபோது, கடைப் பையன் போகிற வழியில் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறான். நான் சென்னையில் இருக்கிறேன்; என் பெற்றோருக்கு அந்தக் கடை நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. மீதி எழுநூறு ரூபாயை இதற்கு மேல் நல்ல வழியில் செலவிட்டிருக்க முடியாது.

கடையில் வாங்கினால் வரி அதிகம் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தபோதும், கடைக்கும் இணையத்துக்கும் சேர்த்தே குறைந்தது. விலை வேறுபாடு வருவது வாடகை, ஆள் சம்பளம், நிறுவனம் தரும் தள்ளுபடி, வங்கி அட்டைச் சலுகை ஆகியவற்றால்தான்.

அட்டைச் சலுகையையும் தவணையையும் பற்றி ஓர் எச்சரிக்கை. மகளின் மடிக்கணினியை வட்டியில்லாத் தவணையில் வாங்க முதலில் நினைத்தேன். வங்கி வட்டியைக் கைவிடுவதில்லை. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிட, வங்கி மாதந்தோறும் வட்டியோடுதான் வசூலிக்கிறது. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நம் தலையில் விழுகிறது. பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் வாங்குகின்றன. இது இணையத்துக்கும் பெரிய கடைகளுக்கும் பொது. கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, முழுத்தொகையாகவே கொடுத்தேன்.

இணையத்தின் பெருவிற்பனை நாட்களில் திரையில் ஓடும் கடிகாரமும் "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்ற வரியும் மனிதரை எப்படி விரட்டுகின்றன என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். முதல் எஸ்.எஸ்.டி.யை விசாரிக்காமல் வாங்கியதற்கு அந்தக் கடிகாரமும் ஒரு காரணம். பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது முதலான 13 ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பெயரிட்டுத் தடை செய்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நம் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கும் குறைதீர் அலுவலர் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். விற்றவர் டில்லியில் இருக்கிறாரா பெங்களூரில் இருக்கிறாரா என்பது தடையில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இணையத்தில் வாங்கினால் யாரைப் பிடிப்பது என்று அஞ்சுவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, மகளின் மடிக்கணினி. இதில் நான் செய்யவிருந்த ஒரு செயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போய், விற்பனையாளர் ஒருவரிடம் முக்கால் மணி நேரம் செலவிட்டோம். மகள் ஐந்து கணினிகளின் விசைப்பலகையில் தட்டிப் பார்த்தாள். ஒரே விலையில் இருந்த இரண்டில், ஒன்றின் திரை வண்ணங்களை மங்கலாகக் காட்டியது. மற்றதன் திரை, திரைகளுக்கான பொது அளவுகோலான எஸ்.ஆர்.ஜி.பி. வண்ண வரம்பை முழுமையாகக் காட்டும் வகை என்று அந்த விற்பனையாளர் எடுத்துச் சொல்லி, ஒரே படத்தை இரண்டிலும் திறந்து காட்டினார். அவள் படிக்கப்போவது கட்டிட வடிவமைப்பு என்பதைக் கேட்டறிந்த பிறகே இதைச் செய்தார். நாங்கள் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். வாசலில் நின்று கைப்பேசியில் பார்த்தபோது இணையத்தில் ஆயிரத்து நூறு ரூபாய் குறைவு. நான் வாங்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோன நேரத்தில் மகள், "அப்பா, அவர் இவ்வளவு நேரம் நமக்காகத்தானே நின்னாரு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி உள்ளே போய் அவரிடமே வாங்கினோம். கடையின் அறிவை இலவசமாக வாங்கிக்கொண்டு பொருளை மட்டும் வேறிடத்தில் வாங்குவது ஒருவருக்கு லாபமாக இருக்கலாம். எல்லோரும் அப்படிச் செய்தால், எந்தத் திரை எந்தப் படிப்புக்கு உதவும் என்று சொல்லும் அந்த மனிதருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ரிச்சி தெருவின் மாடியில் ஒரு நிமிடத்தில் சாட்டா என்று கண்டுபிடித்த அந்த இளைஞரின் கடைக்கு வாடகை எங்கிருந்து வரும்? இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். ஒருவரிடம் ஆலோசனை பெற்றால் அவரிடமே வாங்குவது, இணையத்தில் வாங்குவதாக முடிவு செய்துவிட்டால் கடைக்காரரின் நேரத்தை எடுத்துக்கொள்ளாதிருப்பது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

ரிச்சி தெருவுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காரை எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலைநாட்களில் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கடைக்காரருக்கு நின்று பேச நேரம் இருக்கும். வாசலில் நின்று கூவி அழைக்கும் முதல் கடையில் வாங்காமல், மூன்று இடங்களிலாவது விலையும் வாரண்டியும் கேளுங்கள். வாரண்டி தருவது கடையா, நிறுவனமா என்பதைத் தெளிவாகக் கேட்டு, பில்லில் வரிசை எண்ணோடு எழுதி வாங்குங்கள். பழைய சார்ஜரையோ ரேமையோ மாற்றப் போகிறீர்கள் என்றால் அதைக் கையோடு கொண்டு போங்கள். மாடல் எண்ணை நினைவில் வைத்துச் சொல்வதை விட அது நல்லது.

எனக்கு உதவாமல் போன அந்த என்விஎம்இ எஸ்.எஸ்.டி.யையும் அதே மாடிக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அதைச் செருகி வெளியிலிருந்து யு.எஸ்.பி. வழியாகப் பயன்படுத்தும்படி ஓர் உறையைக் கொடுத்தார் அந்த இளைஞர். எங்கள் குடும்பப் படங்கள் எல்லாம் இப்போது அதில்தான் இருக்கின்றன. உறைக்கும் பில் போட்டுத்தான் கொடுத்தார், நான் கேட்பதற்கு முன்பே.